ஊர்காப்பாளரின் செவியும் எழுதுகோலும்

(தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



மாநகரக் காவல் என்றவுடன் மக்கள் மனக்கண்முன் வந்து நிற்பவை காக்கியுடையும் கைத்தடியும் ஊர்தியின் கூவொலியுமே. அவற்றினும் வலிய ஒன்று காவல்நிலையத்தின் உள்ளறையில் இருக்கிறது. அதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுதுபலகை ஒன்று, அதன் பின்னே ஓர் எழுத்தர், அவர் கையில் ஓர் எழுதுகோல். நகரத்தில் நிகழும் களவும் கொள்ளையும் கொலையும் வழக்காக உருவெடுப்பது அவ்வெழுதுகோலின் நுனியிலேதான். அந்நுனி எந்த மொழியில் ஓடுகிறது, யாருடைய சொல்லைத் தாளில் இறக்குகிறது என்பதே இன்றைய உரைக்குப் பொருள்.

காவல் என்பது தமிழர்க்குப் புதிய தொழிலன்று, புதிய சொல்லுமன்று. கா என்னும் வேரினின்றே காவலும் காப்பும் காப்பாளனும் காவலனும் பிறந்தன. காவலன் என்றால் அன்று அரசன். இன்று நாற்சந்தியில் வெயிலில் நிற்கும் கடைநிலைப் பணியாளர்க்கும் அச்சொல்லே பெயர். அரசன் செய்யவேண்டிய தொழிலை அவனுக்காகத் தெருவில் நின்று செய்பவர் என்பதால் அப்பெயர் அவருக்கு முற்றும் பொருந்தும்.

மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மதுரை மாநகரின் நள்ளிரவைக் காட்டுமிடத்தில் கள்வரையும் காட்டுகிறார். அவரைத் தேடித் திரியும் ஊர்காப்பாளரையும் காட்டுகிறார். கள்வர் இருளோடு இருளாகக் கரிய உடையுடுத்து, நூலேணியை இடையிற் சுற்றிக்கொண்டு, கல்லையும் மரத்தையும் துளைக்கும் கருவியோடு மறைந்து நிற்பர். காப்பாளரோ உறங்காக் கண்ணினர், அஞ்சா நெஞ்சினர், மழை கொட்டித் தெருவெங்கும் நீர் பெருகி ஓடும் பாதியிரவிலும் வெளிப்போந்து சுற்றிவருபவர். இத்துணையும் எந்நாட்டுக் காவலர்க்கும் சொல்லத்தக்கதே. ஆயின், புலவர் இன்னுமொரு தகுதி சொல்கிறார். அவர்கள் களவைப் பற்றிய நூல்களைக் கற்று, அந்நூல்வழி பிழையாத நுண்ணிய தேர்ச்சியுடையவர்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே மாநகரக் காவலர்க்குப் படிப்புத் தகுதி வைத்த இலக்கியம் தமிழிலக்கியம். தேர்ச்சி என்னும் அச்சொல்லை அவையினர் உள்ளத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தேர்தலாவது ஆராய்ந்து தெளிதல்.

அதே மதுரை, அதே ஊர்காப்பாளர் என்னும் பெயர், இடம் மட்டும் வேறு நூல். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், அரசியின் காற்சிலம்பைக் கவர்ந்த கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் சொல்ல, பாண்டியன் ஊர்காப்பாளரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்கிறான். அவ்விடத்தில் இளங்கோவடிகள் பாண்டியனுக்குத் தரும் அடைமொழி தேரான் என்பது. மதுரைக்காஞ்சியின் காவலரிடம் இருந்த தேர்ச்சி இங்கே மன்னனிடமே இல்லை. பின்னர்க் கண்ணகி அவைக்களத்தில் அவனை விளிக்கும்போதும் அதே வேர்ச்சொல்லாலேதான் சுடுகிறாள்.

இக்காதையில் படிப்பவர் பலர் கருத்தூன்றாது கடந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. கோவலனைக் கண்ட காவலர் உடனே வாளோங்கவில்லை. அவர்கள் அவன் முகத்தையும் இருப்பையும் பார்த்து, இவன் கொலைக்குரிய குற்றவாளியாகத் தோன்றவில்லையே என்று ஐயுறுகின்றனர். அந்த ஐயத்தை வெல்லப் பொற்கொல்லன் களவு நூலையே துணைக்கு இழுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எண்வகைத் துணையால் கள்வர் எப்படியெல்லாம் தப்புவர் என்று விரித்துரைக்கிறான். வேறொரு காவலன், மழையிரவு ஒன்றில் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வன் ஒருவனைப் பற்றிய பழங்கதையை எடுத்துவிடுகிறான். பேச்சு இப்படியே போய்க்கொண்டிருக்க, கல்வியறிவற்ற கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவ்வளவுதான், ஒரு குடும்பமும் ஓர் அரசும் ஒரு மாநகரும் அழிவதற்கு அதுவே போதியதாயிற்று. கோவலனை, இச்சிலம்பு உனக்கு எப்படி வந்தது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் தமிழிலேதான் விடை சொல்லியிருப்பான். கேட்டவர்க்கும் அது விளங்கியிருக்கும். ஒரே மொழி பேசுவோர்க்கிடையிலேயே இவ்வளவு கேடு நேருமானால், காப்பவர் மொழியொன்றும் காக்கப்படுவோர் மொழியொன்றுமாக ஆகிவிட்ட நகரத்தில் என்னாகும்?

அப்படியொரு நகரந்தான் சென்னை. கும்பினியார் கோட்டை கட்டிக் குடியேறியபோது நகர்க்காவல் பெத்தநாயக்கன் என்னும் காவற்றலைவன் பொறுப்பில் விடப்பட்டது. அவனுக்குக் கீழே தலையாரிகள் இருந்தனர். களவுபோன பொருளை மீட்டுத்தர இயலாவிடின் இழப்பை அவனே ஈடுகட்டவேண்டும் என்பது அக்கால முறை. இன்றைய காவல்துறையிடம் அப்படியொரு முறையைச் சொன்னால் எத்தனை பேர் பணியில் நீடிப்பர் என்று தெரியாது! பெத்தநாயக்கன்பேட்டை என்னும் பெயர் அவனை இன்றும் நினைவூட்டுகிறது. கொத்தவால் என்னும் வடபுலத்துக் காவலலுவலர் பெயரைக் கொத்தவால் சாவடி சுமந்துகொண்டிருக்கிறது. புரசைவாக்கத்துத் தாணாத் தெருவின் பெயரிலோ காவல்நிலையத்தைக் குறிக்கும் இந்துத்தானிச் சொல் ஏறியிருக்கிறது. தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படிந்த நகரில், காவல் என்னும் தமிழ்ச்சொல் தன் சொந்த வீட்டுத் திண்ணையில் காத்துக்கிடந்தது.

1829-இல் இலண்டன் மாநகரில் இராபர்ட்டு பீல் புதிய காவற்படையை நிறுவியபோது, அதன் காவலர் தம் நகர மக்களின் மொழியையே பேசினர். சென்னைக்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கே மேலிருந்து வந்த ஆணைகள் ஆங்கிலத்தில். கீழே எழும் அழுகுரல் தமிழில். இடையில் துபாசிகளும் எழுத்தர்களும். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதை 1855-ஆம் ஆண்டு அறிக்கையொன்று வெளிப்படுத்திற்று. சென்னை மாகாணத்தில் வரித்தண்டலிலும் குற்ற உசாவலிலும் மக்கள் துன்புறுத்தப்படுவது பற்றி ஆராய எல்லியட்டு, சுடோக்சு, நார்ட்டன் என்னும் மூவர் அமர்த்தப்பெற்றனர். இவருள் எல்லியட்டு நெடுங்காலம் சென்னை நகரக் காவல் கண்காணிப்பாளராக இருந்தவர். பெசன்று நகர்க் கடற்கரை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. தொலைவூர்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து அம்மூவரிடம் முறையிட்டனர். துன்புறுத்தல் உண்டென்று அறிக்கை ஒப்புக்கொண்டது.

அவ்வறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆயினும் அதனுள் சில தமிழ்ச்சொற்கள் புகுந்துவிட்டன. எவை? கிட்டி, அண்ணாந்தாள். விரல்களையும் கையையும் நெரிக்கும் மரக்கருவி கிட்டி. உடலை வளைத்துக் கட்டி அசையவொட்டாமல் நிறுத்தி வைப்பது அண்ணாந்தாள். தமிழின் குறளும் சிலம்பும் கடல்கடந்து சென்றது ஒரு வழி. தமிழின் கிட்டியும் அண்ணாந்தாளும் சென்றது இன்னொரு வழி. ஆள்வோர் மொழியில் இடம்பெறத் தமிழுக்கு அன்று கிடைத்த தகுதி இதுதான்! அவற்றைத் தமிழர் மேல் ஏவிய கைகளும் பெரும்பாலும் தமிழர் கைகளே என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

1856-இல் சென்னை நகரக் காவல் ஆணையர் ஒருவரின்கீழ் வைக்கப்பட்டது. 1859-இல் மாவட்டக் காவல் வரித்துறையினின்று பிரிக்கப்பட்டது. 1888-இல் நகரக் காவற்சட்டம் வந்தது. மாவட்டத்தில் ஆட்சியர்க்குள்ள சில அதிகாரங்களை மாநகரில் ஆணையரே செலுத்துவதற்கு வேர் இவ்வமைப்பில் இருக்கிறது. கூட்டத்திற்கும் ஊர்வலத்திற்கும் இசைவு தருவதும் மறுப்பதும் அச்சட்டத்தின் 41-ஆம் பிரிவைச் சார்ந்தவை. இவ்வவையினர்க்கு அப்பிரிவை விளக்கத் தேவையில்லை, பட்டறிவே போதும். 2022 சனவரி முதல் நாளிலிருந்து பெருநகரின் காவற்பொறுப்பு சென்னை, ஆவடி, தாம்பரம் என மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்து நடக்கிறது.

வெள்ளையர் சட்டம் தம் காவலரையே நம்பவில்லை என்பது கருதத்தக்கது. காவல் அலுவலரிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் வாக்கு அவருக்கெதிரான சான்றாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு விதித்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டமும் 23-ஆம் பிரிவில் அதையே வைத்திருக்கிறது. கிட்டி மறைந்தது, கொட்டடித் துன்பம் மறையவில்லை. 2020 சூன் திங்களில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமாகப் பிடித்துச்செல்லப்பட்ட இருவர் அடுத்தடுத்து மாண்டனர். காவல்துறையினர்மீதே கொலைவழக்குத் தொடுக்கப்பட்டது. அது மாநகரன்று. ஆயினும் மாநகரத்தாரும் அன்று உறக்கமிழந்தனர்.

இனிக் காவல்நிலையத்துச் சொற்களைப் பார்ப்போம் என்றால், அங்கே பன்னாட்டுச் சந்தையே கூடியிருக்கிறது. கைது அரபுமொழிவழி வந்தது. சாமீனும் மகசரும் அவ்வாறே. வாயிற்காவலுக்குப் பாரா என்பது இந்துத்தானி. சம்மனும் வாரண்டும் லாக்கப்பும் ஆங்கிலம். புகார் என்னும் சொல்லோ பெருவியப்பு! காவிரி கடலொடு கலக்கும் இடத்துத் தமிழ்ப் பெருநகரின் பெயரும் புகார். காவல்நிலையத்தில் கொடுக்கும் முறையீடும் புகார். முன்னது தூய தமிழ். பின்னது கூவியழைத்தல் என்னும் பொருளுடைய உருதுச்சொல். ஒலி ஒத்ததால் ஒருவரும் ஐயுறவில்லை. ஏட்டையா என்பதைக் கேட்டால் ஏடு வைத்திருப்பவர் என்றே தோன்றும். உண்மையில் அது தலைமைக் காவலரைக் குறித்த ஆங்கில எட்டு. அவர் கையில் பெரும்பாலும் ஓர் ஏடும் இருப்பதால், பொய் வேர் மெய் வேர்போல் நிலைத்துவிட்டது.

இவற்றுக்கு மாற்றாகத் தமிழ் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. போலீசு இலாகா காவல்துறை ஆயிற்று. இன்சுபெக்டர் ஆய்வாளர் ஆனார். கமிசனர் ஆணையர் ஆனார். இத்தகைய சொற்கள் இயலா, நடவா, மக்கள் சிரிப்பர் என்று ஒருகாலத்துச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இயல்பாக ஆய்வாளர் என்றே பேசுகின்றனர். பெயர்ப்பலகையில் மட்டும் பழைய ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருவல்லிக்கேணி டி-1, மயிலாப்பூர் இ-1, மாம்பலம் ஆர்-1. இது சிறு குறை, விரைவில் துடைக்கலாம். பெருங்குறை உள்ளறையில் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, பூ விற்கும் பெண்ணொருத்தி இரவு ஒன்பது மணிக்குக் காவல்நிலையப் படியேறுகிறாள் என்று கொள்ளுங்கள். கழுத்துச் சங்கிலி போயிற்று. அவள் சொல்வது, "பின்னாடி வந்து தள்ளிவுட்டுப் பறிச்சிக்கினு ஓடிட்டான்" என்பது. எழுத்தர் அதனைப் பறித்துச் சென்றான் என்று எழுதினால் அது புதிய குற்றச் சட்டத்தின் 304-ஆம் பிரிவின்படிப் பறிப்பு, மூன்றாண்டுவரை சிறை. தள்ளிவிட்டுக் காயப்படுத்திப் பறித்தான் என்று அவள் சொன்னபடியே எழுதினால் கொள்ளை ஆகலாம். அதற்குப் பத்தாண்டுவரை சிறை உண்டு. சங்கிலி காணவில்லை என்று சுருக்கினால் குற்றமே இல்லை. சி.எஸ்.ஆர். எனப்படும் பதிவேட்டில் ஒரு வரியும், கையில் ஒரு துண்டுச் சீட்டும், நாளைக்கு வாம்மா என்னும் மறுமொழியும் போதும். தள்ளிவிட்டு என்னும் ஒரு சொல் ஏழாண்டுகளின் எடையுடையது. அதைக் கேட்கும் செவி வேண்டும். எழுதும் கை வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வாய்மொழியாகச் சொல்லப்படும் குற்றச் செய்தியை எழுத்தில் வடிக்கவேண்டும். சொன்னவர்க்குப் படித்துக் காட்டவேண்டும். அவர் கையொப்பம் பெறவேண்டும். படி ஒன்றைக் கட்டணமின்றித் தரவேண்டும். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 154-ஆம் பிரிவு, இப்போது 173. எவ்வெல்லைக்குள் குற்றம் நடந்ததாயினும் எந்நிலையத்திலும் பதியவேண்டும் என்பதும் இப்போது சேர்ந்திருக்கிறது. பிடியாணையின்றிப் பிடிக்கத்தக்க குற்றமாயின் பதிந்தே ஆகவேண்டும் என்று உச்சமன்றம் 2013-இல் ஐவர் ஆயத்தால் அறுதியிட்டுச் சொல்லிற்று. குற்றக் கணக்கைக் குறைத்துக்காட்ட வழக்கையே பதியாமல் விடும் பழக்கம் நாடெங்கும் இருந்ததாற்றான் அப்படிச் சொல்ல நேர்ந்தது. நல்ல காவலர் எண்ணற்றவர் உளர். ஆயினும் கணக்குக் குறைந்தால் பாராட்டும் மிகுந்தால் கடிந்துரையும் மேலிருந்து வரும் இடத்தில், நல்லவர் கையும் சற்று நடுங்கத்தான் செய்யும்.

இங்குத் தனித்தமிழன்பர்க்கு ஒரு சொல். பூக்காரி பேசியதைத் தூய தமிழாக்கி எழுதவேண்டுமென்று எவரேனும் விரும்பினால் அது பெரும்பிழை. அவள் செயின் என்றால் செயின் என்றே எழுதுக. பைக்கு என்றால் பைக்கு. படிவத்தின் தலைப்பும் சட்டத்தின் பெயரும் அலுவலர் எழுதும் குறிப்பும் தூய தமிழில் இருக்கட்டும். முறையிடுவோர் வாய்ச்சொல் அவர்க்கே உரிய உடைமை. வழக்குமன்றத்தில் குறுக்கு உசாவல் நடக்கும்போது, நீ சொல்லாத சொல் இதில் எப்படி வந்தது என்று எதிர்வழக்குரைஞர் கேட்டால் அவள் என்ன விடை சொல்வாள்? அங்கே தமிழ்த்தொண்டு என்னும் பெயரால் அவள் வழக்கு வீழ்ந்துவிடும். மொழித்தூய்மை ஆள்வோர் எழுத்துக்கு, ஆளப்படுவோர் சான்றுக்கன்று.

முறையிட வருவோர் நிலை இதுவானால், பிடிபட்டோர் நிலை இன்னும் நுண்ணியது. பிடிக்கப்பட்டவர்க்கு அதன் கரணியத்தைத் தெரிவிக்கவேண்டும் என்றும், இருபத்துநான்கு மணிநேரத்துள் நடுவர்முன் நிறுத்தவேண்டும் என்றும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு கூறுகிறது. தெரிவிப்பது எந்த மொழியில்? 1962-இல் மராட்டிய மாநிலத்து வழக்கொன்றில் இவ்வினா உச்சமன்றத்துக்கு வந்தது. தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவர்க்குக் கரணியம் ஆங்கிலத்தில் தரப்பட்டிருந்தது, அவர் இந்தியில் கேட்டார், மறுத்தனர். அலுவலர் வாயால் விளக்கிவிட்டார் என்றனர். அது போதாது, அவர்க்கு விளங்கும் மொழியில் எழுத்தாகவே தரவேண்டும் என்று கூறி மன்றம் அவரை விடுவித்தது. இந்தியறிந்த ஒருவர் தம் தாய்மொழிக்காகப் பெற்ற தீர்ப்பு, அன்றுமுதல் தமிழர்க்கும் அரணாயிற்று. உரிமைக்கு மொழிவேறுபாடு இல்லை என்பதை இந்தித் திணிப்பாளர் இதிலிருந்து கற்றிருக்கலாம்.

அவ்வரணின் பயனைச் சென்னையில் அடிக்கடி காணலாம். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம் குண்டர் சட்டம் என்னும் பெயரால் ஊரறிந்தது. அதன்படி மாநகரில் ஒருவரை உசாவலின்றி ஓராண்டுவரை அடைத்துவைக்கக் காவல் ஆணையரே ஆணையிடலாம். ஆணையோடு தரப்படும் தாள்கட்டில் ஆங்கிலத் தாள்களுக்குத் தமிழ்ப் பெயர்ப்பு இல்லை, அல்லது பெயர்ப்பு பிழையானது என்னும் கரணியத்தால் சென்னை உயர்மன்றம் பல ஆணைகளை நீக்கியிருக்கிறது. குற்றவாளி தப்பிவிட்டானே என்று அலுவலர் நொந்துகொள்வர். முதல் நாளே தமிழில் எழுதியிருந்தால் அத்தாள் நீக்கப்பட்டிராது. தமிழ்நாட்டில், தமிழ்க் காவலர், தமிழ்க் குற்றவாளியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, பிறகு அதையே தமிழாக்கத் தடுமாறுவது போன்ற வேடிக்கை வேறெந்த நாட்டில் உண்டு? 2025-இல் உச்சமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. எக்குற்றமாயினும் பிடிப்பதற்கான கரணியத்தைப் பிடிபட்டவர்க்கு விளங்கும் மொழியில் எழுத்தாகத் தரவேண்டும் என்று கூறிவிட்டது. இனி ஒவ்வொரு நிலைய எழுத்தரும் தெளிந்த தமிழ் எழுதக் கற்றாகவேண்டும். தமிழன்பர் கெஞ்சிப் பெறமுடியாததைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

இவ்வுரிமை தமிழ்பேசுவோர்க்கு மட்டுமா? மாநகரின் மேம்பாலங்களையும் அடுக்ககங்களையும் கட்டும் தொழிலாளர் பலர் பீகாரிலிருந்தும் ஒடியாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர். அவருள் ஒருவர் பிடிபட்டால் அவர் மொழியில் அவர்க்குச் சொல்லவேண்டும். அவர் சொல்வதை அறிந்த ஒருவர் அருகிருக்கவேண்டும். தமிழுரிமை கேட்பவர் இதை மறுத்தால் தம் வழக்கின் அடிக்கல்லைத் தாமே பெயர்ப்பவராவர்.

2012 சனவரியிலும் பிப்பிரவரியிலும் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் இரண்டு வங்கிகள் பட்டப்பகலில் கொள்ளையிடப்பட்டன. நகரம் கலங்கிற்று, நாளிதழ்கள் காவலரை வறுத்தெடுத்தன. பிப்பிரவரி 23 விடியுமுன் வேளச்சேரியில் ஒரு வீட்டைக் காவலர் சூழ்ந்தனர். உள்ளிருந்த வடபுலத்தார் ஐவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். சரணடையச் சொன்னோம், அவர்களே முதலில் சுட்டனர் என்பது காவலர் உரை. அன்று தெருவில் பலர் மகிழ்ந்தனர் என்பதையும் மறக்கவொண்ணாது. அவ்வைவரும் கொள்ளையரே என்பதை எந்த வழக்குமன்றமும் உசாவித் தீர்ப்புரைக்கவில்லை. இனி உரைக்கவும் இயலாது. நள்ளிரவில் கதவுக்கு வெளியேயிருந்து எழுந்த குரல் எம்மொழியில் எழுந்தது, உள்ளிருந்தார்க்கு அது விளங்கிற்றா என்பவை கேட்கவேண்டிய வினாக்கள். இத்தகைய சாவு ஒவ்வொன்றிலும் வழக்குப் பதிந்து வேறு பிரிவினர் ஆராயவேண்டும் என்று உச்சமன்றம் நெறிகள் வகுத்தது 2014-இல். கோவலன்முன் நின்று ஐயுற்ற அந்தக் காவலரின் பெயரை இளங்கோவடிகள் சொல்லவில்லை. ஆனால் அவர் ஐயத்தை எழுதி வைத்தார். இக்காலத்துக் காவற்குழுவில் அப்படி ஐயுறுபவர் இருந்தால், அவர் ஐயத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

காவலரையே குறைகூறுவது எளிது. அவர் படும் பாட்டையும் சொல்லவேண்டும். மற்றவர்க்குப் பண்டிகை அவர்க்குப் பாதுகாப்புப் பணி. கடைநிலைக் காவலர்க்குக் கிழமைக்கு ஒருநாள் ஓய்வு என்பதே 2021-இல்தான் ஆணையாயிற்று. மேலலுவலர் வீடுகளில் எடுபிடியாகக் காவலரை வைத்துக்கொள்ளும் முறையை 1979-இலேயே அரசு ஒழித்தது, ஒழிந்ததா? 2022-இல் உயர்மன்றம் மறுபடியும் கடிந்துரைத்து ஒழிக்கச் சொல்லும்படி நேர்ந்தது. பகலெல்லாம் ஒருவர் வீட்டு நாயைக் குளிப்பாட்டியவர், இரவில் பூக்காரியிடம் மானமுள்ள அலுவலராக நடந்துகொள்ளவேண்டும் என்றால் அந்த மானம் அவர்க்கு எங்கிருந்து வரும்?

மேலே மன்றங்களின் மொழி வேறு கதை. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கீழ்மன்றங்களில் தமிழ் நுழைந்தது. உயர்மன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று, நடுவணரசு இசையவில்லை. இராசசுத்தானத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் மத்தியப்பிரதேசத்திலும் பீகாரிலும் உயர்மன்றத்தில் இந்தி வழங்கலாமாம். தமிழ் மட்டும் வழங்கலாகாதாம்! போதாக்குறைக்கு 2024 சூலை முதல் நாளிலிருந்து மூன்று குற்றச்சட்டங்களும் வடமொழிப் பெயர் சூடி வந்திறங்கின. பாரதீய நியாய சங்கிதையாம், நாகரிக சுரட்ச சங்கிதையாம், சாட்சிய அதிநியமமாம்! நடுவணரசுச் சட்டங்களின் நிலைப்பாடம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு சொல்ல, பெயரில் மட்டும் இந்தியை ஏற்றிவிட்டனர். திருவல்லிக்கேணிக் காவலர் இப்பெயரைத் திக்கித் திணறிச் சொல்ல, கேட்கும் முதியவர், ஏதோ கோவிற் பூசை பற்றிய பேச்சென்று கருதினாலும் கருதுவார்.

நல்லன சிலவும் நடந்துள்ளன. 1973-இல் தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தனர். 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் முழுவதும் பெண்களே பணிபுரியும் காவல்நிலையம் திறக்கப்பட்டது. ஆணிடம் சொல்லவொண்ணாத துன்பத்தைப் பெண்ணிடம் சொல்லலாம் என்று பல்லாயிரவர் படியேறினர். சொல்லவந்தவர்க்கு ஏற்ற செவி கிடைத்ததன் விளைவு அது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் இப்போது தமிழ்த் தகுதித் தாளும் இருக்கிறது. அதில் புணர்ச்சியும் எதிர்ச்சொல்லும் பிரித்தெழுதலும் கேட்பது தக்கதே. அவற்றோடு, ஒருவர் அழுதுகொண்டே சொல்வதைக் கேட்டு, ஒரு சொல்லும் விடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக்காட்டுக என்று ஒரு வினாவும் சேர்க்கலாம். அத்தாளைத் திருத்தத் தமிழாசிரியர் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பர்.

இளைஞரே! உங்களில் காவல்துறைக்குச் செல்ல விரும்புவோர் தயங்காது செல்லுங்கள். நிலைய எழுத்தர் பணியைத் தாழ்வாக எண்ணவேண்டா. மற்றோர், என்றேனும் அப்படியேற நேர்ந்தால், உங்களுக்கு வாய்த்த தமிழிலேயே சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டும்படி கேளுங்கள். எழுத்தறியாத அண்டைவீட்டாரோடு நீங்கள் துணைக்குச் சென்றிருந்தால், அவர்க்காக நீங்கள் கேளுங்கள். அவர் சொல்லாதது இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். சொன்னது விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகே கையொப்பம். படியைக் கையில் வாங்கிக்கொண்டே எழுந்திருங்கள்.